முதுகு தெரியும் விளையாட்டு

"மாமா, அவன்தான் நான் என்றால், என்ட முதுகு எனக்கு எப்படித் தெரியுது?"

பள்ளி விடுமுறைக்கு எங்கள் வீட்டில் வந்து நிற்கும் மருமகன் கேட்ட கேள்வி இது. வயது ஒன்பது. கையில் நின்டெண்டோ 64 என்ற பழைய விளையாட்டுப் பெட்டியின் மூன்று கொம்புக் கைப்பிடி. டிவியில் பச்சைப் பிளாஸ்டிக் ஆமிக்காரன் ஒருவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு குசினிக்குள் ஓடிக்கொண்டிருந்தான்.

"கதைக்காமல் விளையாடு" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போயிருக்கலாம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இந்த வகை விளையாட்டை விளங்கிக்கொள்ள அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. அதனால் அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். வீடியோ கேம் பக்கமே போகாதவர்களும் வாசிக்கலாம். பிள்ளைகள் டிவிக்கு முன்னால் என்னதான் செய்கிறார்கள் என்று யோசிக்கும் அம்மா அப்பாமாருக்கும் உதவும்.

இந்த வகையின் பெயர் தேர்ட் பேர்சன் ஷூட்டர், அதாவது படர்க்கையில் சுடும் விளையாட்டு. பள்ளிக்கூடத்து இலக்கணப் பாடத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று படித்தது ஞாபகம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நான் சுட்டேன் என்றால் தன்மை. நீ சுட்டாய், முன்னிலை. அவன் சுட்டான், படர்க்கை. தன்மை விளையாட்டில் டிவித் திரைதான் உங்கள் கண். கீழ் ஓரத்தில் துவக்கின் முனையும் அதைப் பிடித்திருக்கும் கையும் மட்டும் தெரியும், ஆள் தெரியமாட்டார். 1993இல் வந்த டூம், 1997இல் இதே நின்டெண்டோ 64க்கு வந்த கோல்டன்ஐ எல்லாம் இந்தச் சாதி. படர்க்கை விளையாட்டில் ஆள் தலை முதல் கால் வரை தெரிவார், அதுவும் பெரும்பாலான நேரம் பின்பக்கமாக. 1996இல் வந்த டூம்ப் ரெய்டர் இதற்கு உலகம் முழுக்கத் தெரிந்த உதாரணம். முன்னிலை விளையாட்டும் ஒரு காலம் இருந்தது. படமே இல்லாமல், "நீ ஒரு வீட்டுக்கு முன்னால் நிற்கிறாய்" என்று எழுத்தில் சொல்லி, நீங்கள் பதில் தட்டச்சு செய்தால் கதை நகரும் விளையாட்டுகள். சுடுகிற விளையாட்டுக்கு அது சரிவரவில்லை, விடுவோம்.

ஆனால் இலக்கணம் இங்கே ஓரிடத்தில் சறுக்கும். மருமகன் ஆடும்போது கவனித்தேன். பச்சை ஆமிக்காரன் விழுந்தால் அவன் "அவன் செத்துட்டான்" என்று சொல்வதே இல்லை. "ஐயோ, நான் செத்துட்டன்" என்கிறான். கண்ணுக்கு அவன், கைக்கு நான். பொம்மலாட்டக்காரருக்கும் இதே நிலைமைதான். நூல் அவர் கையில், பொம்மை அவருக்கு முன்னால், அது விழுந்தால் திடுக்கிடுவதும் அவர்தான்.

சரி, அவன் விளையாடியது என்ன என்று சொல்லவேண்டும். ஆர்மி மென்: சார்ஜஸ் ஹீரோஸ். த்ரீடிஓ என்ற அமெரிக்கக் கம்பனி 1999இல் நின்டெண்டோ 64க்கு வெளியிட்டது. அடுத்த வருடமே பிளேஸ்டேஷன், ட்ரீம்காஸ்ட் என்ற வேறு விளையாட்டுப் பெட்டிகளுக்கும் போனது. கதை சின்னது. பிளாஸ்டிக் உலகத்தில் பச்சைப் படைக்கும் மண்ணிறப் படைக்கும் ஓயாத சண்டை. மண்ணிறப் படையின் தலைவன் பெயர் ஜெனரல் பிளாஸ்ட்ரோ. பெயரிலேயே பிளாஸ்டிக் இருக்கிறது. பச்சைப் பக்கத்துக் கதாநாயகன் சார்ஜ். சார்ஜன்ட் என்ற பதவியைச் சுருக்கிக் கூப்பிடும் பெயர் அது. பிடிபட்டுப்போன தன் கூட்டாளிகளை ஒவ்வொருவராக மீட்பது அவன் வேலை. பிளாஸ்டிக் உலகத்திலிருந்து நம்முடைய உலகத்துக்கு வந்துபோக வாசல்கள் உண்டு. அதன் வழியே வெளியே வந்தால் குளியலறை, குசினி, மணல் விளையாடும் தொட்டி. பொம்மைக்கு அதெல்லாம் காடும் மலையும்.

எங்கள் வீட்டுக்கு இந்தப் பெட்டி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே தவறை வேறு யாரும் செய்யக்கூடாது. கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர், அவர் பிள்ளைகள் வளர்ந்த பிறகு, சீலைகளுக்கு நடுவே வைத்துச் சூட்கேசில் கொண்டுவந்தார். நான் அவசரக்காரன். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அது தெரியாதவனும் இல்லை. பிளக்கின் வடிவம் மாற்றும் சின்னத் துண்டைச் செருகினால் போதும் என்று அந்த நேரத்தில் நினைத்துவிட்டேன். இரண்டே விநாடியில் பிளாஸ்டிக் கருகிய மணம். நல்லகாலம், போனது பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் மின்கட்டை மட்டும். பிறகு வேறு மின்கட்டை தேடி, வோல்ட் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்று வாங்கி, மூன்று கிழமை கழித்துத்தான் பச்சை ஆமிக்காரன் டிவிக்கு வந்தான். அவன் உருகுவதற்கு முன்னால் நான் ஒன்றை உருக்கிவிட்டேன் என்று வீட்டில் இன்றைக்கும் பகிடி.

இப்போது கேள்விக்கு வருவோம். முதுகு எப்படித் தெரிகிறது?

அவனுக்குப் பின்னால் ஒரு கமரா நிற்கிறது. உண்மையான கமரா இல்லை, கணக்கில் மட்டும் இருக்கும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து பார்த்தால் என்ன தெரியுமோ அதைத்தான் பெட்டி ஒவ்வொரு கணமும் வரைந்து டிவிக்கு அனுப்புகிறது. ஆள் நடந்தால் புள்ளியும் பின்னாலேயே நடக்கும். இது இன்றைக்கு எல்லாருக்கும் பழகிப்போன விஷயம். ஆனால் 1996இல் இதையே ஆட்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. அந்த வருடம் வந்த சூப்பர் மாரியோ 64 விளையாட்டில், மேகத்தில் மிதக்கும் ஒரு குட்டிப் பாத்திரம் தூண்டில் தடியில் கமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு மாரியோவின் பின்னால் வரும். நீங்கள் பார்ப்பதெல்லாம் அவன் எடுக்கும் படம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள். கண்ணாடிக்கு முன்னால் மாரியோ போய் நின்றால் அந்தக் கமராக்காரனும் கண்ணாடியில் தெரிவான். எனக்கு அது மிகவும் பிடித்த காட்சி.

மருமகனுக்கு நான் மாரியோவைக் காட்டவில்லை. மானைக் காட்டினேன். கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கோட்டைக்குள்ளே புள்ளிமான்கள் சுற்றித்திரிவதைத் திருகோணமலை வந்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அவன் கையில் போனைக் கொடுத்து, "ஒரு மானுக்குப் பின்னால் நடந்துகொண்டே வீடியோ எடு, மான் எப்போதும் படத்துக்கு நடுவில் நிற்கவேண்டும்" என்றேன். ஐந்து நிமிடத்தில் ஒரு கமராக்காரனின் கஷ்டம் எல்லாம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. மான் சட்டென்று திரும்பினால் படம் அதன் முகத்தைக் காட்டும், அது எங்கே போகப்போகிறது என்று தெரியாது. பின்பக்கம் வரவேண்டும் என்றால் ஒரு பெரிய அரைவட்டம் ஓடவேண்டும். மான் மரத்துக்குப் பின்னால் போனால் மரம் மட்டும் தெரியும். மான் மதிலோடு ஒட்டி நின்றால் அதன் பின்னால் போக இடமே இல்லை. மிக அருகில் போனால் வால் மட்டும். தூரப் போனால் எந்த மான் என்று தெரியாது.

விளையாட்டைச் செய்பவர்கள் இந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம் எழுதிவைக்கவேண்டும். மதிலில் முட்டினால் கமரா மதிலுக்குள்ளே போய்விடக்கூடாது, ஆளை நெருங்கி வரவேண்டும். நடுவில் தூண் வந்தால் தூணை மங்கலாக்கவேண்டும், அல்லது கமராவைப் பக்கத்துக்கு நகர்த்தவேண்டும். ஆள் திரும்பியவுடன் கமராவும் அதே வேகத்தில் திரும்பினால் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும், ஆகவே கொஞ்சம் பிந்தி, மெதுவாகத் திரும்பவேண்டும். 1990களின் கடைசியில் வந்த பல விளையாட்டுகளில் இந்தச் சட்டங்கள் இன்னும் முற்றவில்லை. மூலையில் மாட்டிக்கொண்டால் திரை முழுக்கச் சுவரும் ஆளின் பிடரியும் தெரியும், எதிரி எங்கிருந்தோ சுட்டுக்கொண்டிருப்பான். இந்தப் பொம்மைப் படை விளையாட்டிலும் அந்த முரட்டுத்தனம் இருக்கிறது. இன்றைய விளையாட்டுகளில் கை பழகியவர்களுக்கு முதல் அரைமணி நேரம் கோபம்தான் வரும். வரட்டும், பழகிவிடும்.

கமராவைத் திருப்புவதில் இன்னொரு குழப்பம் உண்டு. புதிதாக விளையாட வருகிறவர்களில் பாதிப்பேர் தடுக்கி விழும் இடம் அதுதான்.

ஆள் நடுவில் நிற்கிறான். கமரா அவனுக்குப் பின்னால். இப்போது வலப்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். கமரா எந்தப் பக்கம் நகரவேண்டும்? வலப்பக்கம் என்று வாய் சொல்லும். உண்மையில் அது இடப்பக்கம் நகர்ந்தால்தான் பார்வை வலப்பக்கம் போகும். நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு கதிரையைச் சுற்றி நடந்து பாருங்கள்.

இதைக் கடலோரத்து ஆட்களுக்கு விளங்கப்படுத்த ஒரு நிமிடம் போதும். பின்னால் எஞ்சின் பூட்டிய பைபர் போட்டில் எஞ்சின் பிடிக்கிறவர் எங்கே இருப்பார்? கடைசியில், பின்பக்கம். அவருக்கு முன்னால் போட் முழுவதும் தெரியும், வலையும் பெட்டியும் முன்னால் நிற்கும் ஆளின் முதுகும் தெரியும், அதற்கப்பால் கடல். படர்க்கைக் கமரா நிற்கும் இடம் அச்சு அசல் அதுதான். எஞ்சின் பிடியை அவர் இடப்பக்கம் தள்ளினால் போட்டின் மூக்கு வலப்பக்கம் திரும்பும், அவர் இருக்கும் பின்பக்கம் இடப்பக்கம் ஒதுங்கும். கமராவும் அப்படியே. மூக்கை நினைத்துக்கொண்டு விளையாட்டுக் கைப்பிடியில் இருக்கும் குச்சியைத் தள்ளுகிறவர்கள் ஒரு சாதி, பின்பக்கத்தை நினைத்துக்கொண்டு தள்ளுகிறவர்கள் இன்னொரு சாதி. இரண்டும் சரி. அதனால்தான் இப்போதைய விளையாட்டுகள் பலவற்றில் அமைப்புப் பக்கத்துக்குப் போய்க் கமராவின் திசையை மாற்றி வைத்துக்கொள்ள முடிகிறது. இது ஒன்று தெரியாமல், "எனக்கு இந்தக் கேம் எல்லாம் வராது" என்று கைப்பிடியைக் கீழே வைத்த பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நின்டெண்டோ 64 கைப்பிடியில் குச்சி ஒன்றுதான். நடக்கவும் அதே, திரும்பவும் அதே, மிச்சத்துக்கு மஞ்சள் நிறத்தில் நான்கு சின்னப் பொத்தான்கள். பிளேஸ்டேஷனுக்கு 1997இல் வந்த புதிய கைப்பிடிகளில் குச்சிகள் இரண்டாயின. இடக்கைக் குச்சி ஆளை நடத்த, வலக்கைக் குச்சி கமராவைத் திருப்ப என்ற பழக்கம் அதற்குப் பிறகு மெல்ல மெல்ல ஊன்றியது. இன்றைக்கு வேறு மாதிரி நினைத்தே பார்க்க முடியாது.

நடப்பதும் பார்ப்பதும் ஆயிற்று, இனிச் சுடுவது.

மாபிள் அடித்திருக்கிறீர்களா? கண் மேலே இருக்கிறது, மாபிள் விரல் நுனியில், நிலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண்ணிலிருந்து பார்த்தால் எதிர் மாபிள் நேராகத் தெரியும். ஆனால் விரலுக்கு முன்னால் ஒரு வேர் குறுக்கே கிடந்தால் மாபிள் வேரில் பட்டுத் திரும்பி வரும். படர்க்கை விளையாட்டில் இதே சிக்கல் ஒவ்வொரு வெடியிலும் இருக்கிறது. குறி பார்க்கும் புள்ளி திரைக்கு நடுவில், அதாவது கமராவின் பார்வையில். சன்னம் புறப்படுவதோ முன்னால் நிற்கும் ஆளின் துவக்கிலிருந்து. இரண்டும் ஒரே கோட்டில் இல்லை.

இதற்கு வழக்கமாகச் செய்வது இரண்டு கோடு போடுவது. முதலில் கமராவிலிருந்து திரையின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு, அது எதில் போய் முட்டுகிறது என்று பார்க்கும். பிறகு துவக்கின் வாயிலிருந்து முட்டிய அந்த இடத்துக்கு இரண்டாவது கோடு. சன்னம் இரண்டாவது கோட்டில் போகும். இரண்டாவது கோட்டில் மட்டும் ஒரு சுவரின் விளிம்பு குறுக்கே வந்தால், "நான் நேராகத்தானே குறி வைத்தேன்" என்று பிள்ளைகள் கத்துவார்கள். பொய் சொல்லவில்லை, கமரா நேராகத்தான் வைத்தது. ஆமிக்காரன் வைக்கவில்லை. 2005இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4 கமராவை ஆளின் வலது தோளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இறக்கியது. இரண்டு கோடுகளும் நெருங்கிவிட்டன. அதற்குப் பிறகு வந்த விளையாட்டுகள் பலவும் அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டன.

இரண்டு இடத்தில் இருப்பதில் ஒரு கள்ள லாபமும் உண்டு. ஆமிக்காரன் மதிலுக்குப் பின்னால் குந்தியிருப்பான், அவனுக்கு எதிரி தெரியாது. உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் கமரா மதிலுக்கு மேலாலும் மூலைக்கு அப்பாலும் எட்டிப்பார்க்கிறது. தன்மை விளையாட்டில் இது நடக்காது, பார்க்கவேண்டும் என்றால் தலையை நீட்டத்தான் வேண்டும். இந்தக் கள்ளத்தையே விளையாட்டின் நடுத்தூணாக வைத்து, சுவரில் ஒட்டி மறைந்திருந்து சுடும் முறையை 2003இல் வந்த கில் ஸ்விட்ச் செய்து காட்டியது, 2006இல் வந்த கியர்ஸ் ஒஃப் வோர் உலகம் முழுக்கப் பரப்பியது.

இனி, எனக்குச் சொல்ல ஆசையாக இருக்கும் விஷயம். பொம்மை ஆமிக்காரனுக்கு ஏன் படர்க்கை?

அந்தப் பொம்மையைப் பற்றிக் கொஞ்சம். ஐரோப்பாவில் முதலில் ஈயத்தில்தான் வார்த்தார்கள். 1893இல் இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் கம்பனி உள்ளே பொள்ளலாக வார்க்கும் முறையைக் கொண்டுவந்ததால் விலை இறங்கியது. அமெரிக்காவில் 1938இல் பெர்கன் டோய் கம்பனி பிளாஸ்டிக்கில் செய்தது. பிறகு பொதி பொதியாகப் பச்சைப் பொம்மைகள் உலகம் முழுக்கப் போயின. 2014இல் அமெரிக்காவின் தேசிய விளையாட்டுப் பொருள் பெருமை மண்டபத்தில் இவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். எங்களுக்கு இவை வந்தது கோயில் திருவிழாக் கடைகள் வழியாக. ஒரு நைலோன் பையில் இருபது முப்பது பேர், எல்லாரும் ஒரே பச்சை, காலடியில் நிற்கவைக்கும் தட்டு, ஓரத்தில் வெட்டாமல் விட்ட பிளாஸ்டிக் பிசிறு.

பொதுவான அளவு 54 மில்லிமீற்றர். உண்மையான மனிதனில் ஏறக்குறைய முப்பத்திரண்டில் ஒரு பங்கு. இந்த 32 என்ற எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டு குசினிக்குள் போங்கள். 30 சென்றிமீற்றர் தரை ஓடு ஒன்று அவனுக்கு ஒன்பதரை மீற்றர் முற்றம். 75 சென்றிமீற்றர் மேசை 24 மீற்றர் உயரம், எட்டு மாடிக் கட்டடம். ஒரு சாண் உயர வாளி இரண்டு மாடி வீடு. மேசையிலிருந்து சிந்திய சீனிக்கு வரிசையாக வரும் எறும்பு ஒவ்வொன்றும் பூனைக்குட்டி அளவு. பல்லியைச் சொல்லவே வேண்டாம், முதலை.

மருமகனும் நானும் இதைச் செய்தே பார்த்தோம். அலுமாரியின் அடித்தட்டில் இருந்து பழைய பச்சை ஆமிக்காரன் ஒருவனைத் தேடி எடுத்தோம். துவக்கின் முனை கடிபட்டிருந்தது, கடித்தவன் நான்தான். குசினித் தரையில் அவனை நிறுத்தினோம். அவனுக்கு முன்னால் தேங்காய்த் திருவலை, அதற்குப் பின்னால் மண்சட்டி அடுக்கு. போனைத் தலைகீழாகப் பிடித்தால் அதன் கண் தரையோடு ஒட்டி வரும். இது நல்ல உபாயம், செய்து பாருங்கள்.

முதல் படம் தன்மையில். ஆமிக்காரனை எடுத்துவிட்டு அவன் கண் இருந்த இடத்தில் போனின் கண்ணை வைத்தோம். திருவலையின் பல் வானத்தில் ஒரு இரும்புச் சூரியன் மாதிரி எழும்பி நின்றது. அழகான படம். ஆனால் அதைப் பார்த்த என் அம்மா, "ஏன் மோனே திருவலையைப் படம் எடுத்திருக்கிறாய்?" என்றுதான் கேட்டா.

இரண்டாவது படம் படர்க்கையில். ஆமிக்காரனைத் திரும்ப நிறுத்தி, போனை அவனுக்கு ஒரு சாண் பின்னால், அவன் தலைக்குக் கொஞ்சம் மேலே வைத்தோம். படத்தின் கீழ்ப்பாதியில் அவன் முதுகு, தலைக்கவசம், தூக்கிப் பிடித்த துவக்கு. அதற்கு அப்பால் அதே திருவலை. அம்மா படத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தா. "பாவம், சின்னவன், எங்க போறான்?" என்றா.

நான் சொல்ல வந்தது அதுதான். உருவம் சின்னது என்பதை உள்ளே இருந்து உணர முடியாது. பொம்மையின் கண்ணுக்குள் போய்விட்டால் நீங்கள் சாதாரண அளவு மனிதன்தான், உலகம்தான் பெரிதாக இருக்கும், அதுவும் ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். அவன் முதுகு திரையில் இருந்துகொண்டே இருந்தால்தான் ஒவ்வொரு கணமும் இரண்டு அளவும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். அந்தப் பிளாஸ்டிக் மினுக்கமும் அப்படித்தான். சார்ஜஸ் ஹீரோஸின் வரைகலை இன்றைக்குப் பார்க்கச் சொரசொரப்புத்தான், ஆனால் தட்டையான ஒற்றைப் பச்சையில் ஒரு முதுகை வரைய 1999இன் பெட்டிக்கு வல்லமை போதும். மனிதத் தோலை வரையப்போன அந்தக் காலத்து விளையாட்டுகள் பல இன்றைக்குப் பேய்ப்படம் மாதிரி இருக்கின்றன. இந்தப் பொம்மை இன்னும் பொம்மை மாதிரியே இருக்கிறது.

2015இல் கணினிக்கு வந்த த மீன் கிரீன்ஸ் என்ற விளையாட்டிலும் பச்சையும் மண்ணிறமும்தான் சண்டை, அதிலும் கமரா முதுகுக்குப் பின்னால்தான். காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தப் பொம்மைகள் பற்றி எழுதும் திருகோணமலைக்காரன் ஒன்றைச் சொல்லாமல் போனால் அது மழுப்பல். ஆமி என்ற சொல் எங்கள் சின்ன வயதில் வீட்டுக்குள் மெதுவாகச் சொல்லும் சொல். பச்சைப் பொம்மைகளை அம்மா தடுக்கவில்லை. விளையாட்டுத் துவக்கை மட்டும் படலைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. ஏன் என்று நாங்கள் கேட்டதும் இல்லை, சென்ரியை, அதாவது ஆமிக் காவலரணை, கடந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. யுத்தம் முடிந்து பல வருடம் கழித்துப் பிறந்த மருமகன் "ஆமி விளையாட்டு" என்று சத்தமாகக் கத்தும்போது அம்மாவின் கண் இன்றைக்கும் ஒரு தரம் யன்னல் பக்கம் போகிறது.

விளையாட்டில் இரத்தம் கிடையாது. வெடி பட்டால் பிளாஸ்டிக் உடையும். நெருப்புப் பீச்சினால் ஆமிக்காரன் உருகித் தரையில் பச்சைக் குழம்பாகிவிடுவான். இந்தத் தொடரில் உருப்பெருக்கிக் கண்ணாடியும் ஓர் ஆயுதம்தான், வெயிலைக் குவித்து எரிப்பது. நாங்களும் அதைச் செய்திருக்கிறோம், முற்றத்தில், மத்தியான வெயிலில், அம்மா நித்திரையான நேரம் பார்த்து. அந்த நாற்றம் மூக்கில் இன்னும் இருக்கிறது. விளையாட்டைச் செய்தவர்களும் ஒரு காலம் அதே வேலை பார்த்திருப்பார்கள் போலும்.

கம்பனியின் கதை சுருக்கம். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸைத் தொடங்கிய ட்ரிப் ஹோக்கின்ஸ்தான் 1991இல் த்ரீடிஓவையும் தொடங்கினார். முதலில் சொந்த விளையாட்டுப் பெட்டி ஒன்றை 1993இல் கொண்டுவந்தார்கள், விலை அதிகம், ஓடவில்லை. பிறகு மற்றவர்களின் பெட்டிகளுக்கு விளையாட்டுச் செய்யப் போனார்கள். 1998இல் கணினிக்கு வந்த முதல் ஆர்மி மென் மேலே இருந்து பார்க்கும் விளையாட்டு, அதில் முதுகு எல்லாம் இல்லை, உச்சந்தலைதான். அது பிடித்துப்போகவே மளமளவென்று பத்துக்கு மேற்பட்ட பொம்மைப்படை விளையாட்டுகளை இறக்கினார்கள். தோசைக்கல் சூடாகும் முன்னே அடுத்த மாவை ஊற்றினால் என்ன ஆகும்? 2003இல் கம்பனி வங்குரோத்தானது. என் கணக்கில், சூடான கல்லில் வார்த்தது சார்ஜஸ் ஹீரோஸ்.

முதன்முதலாகக் கைப்பிடி பிடிக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. முதல் பத்து நிமிடம் யாரையும் சுடாதீர்கள். எதிரி இல்லாத இடத்தில் ஆளை நடத்தி, ஒரு தூணைச் சுற்றி வட்டம் போடுங்கள், முகம் தூணைப் பார்த்தபடியே. அது வந்துவிட்டால் மிச்சமெல்லாம் வரும். மூலைக்குள் பின்னோக்கிப் போகாதீர்கள், கமராவுக்கு இடம் வையுங்கள். நான்கு கைப்பிடி இருந்தால் நான்கு பேர் ஒரே டிவியைத் துண்டு போட்டுப் பகிர்ந்து ஆடலாம், பக்கத்துத் துண்டைப் பார்த்து எதிரி எங்கே நிற்கிறான் என்று கண்டுபிடிப்பது கள்ளம், ஆனால் எல்லாரும் செய்வார்கள்.

போன கிழமை மருமகனைக் கூட்டிப்போக அவன் அப்பா வந்தார். கடல் தொழில் செய்கிறவர். அவர்கள் வீட்டில் புதிய பிளேஸ்டேஷன் ஒன்று இருக்கிறது, அதை மகன் விடுவதே இல்லை என்று முறைப்பாடு. நான் இந்த எஞ்சின் பிடிக் கதையைச் சொன்னேன். ஆள் சிரித்துவிட்டுப் போனார். நேற்றுப் போனில் மருமகன் அழாக்குறை. அப்பா அமைப்புப் பக்கத்துக்குப் போய்க் கமராவைத் தலைகீழாக மாற்றிவிட்டாராம், இப்போது இரவில் அவர்தான் விளையாடுகிறாராம், காலையில் இவன் திருப்பி வைத்தால் மாலையில் அவர் மறுபடி மாற்றி வைக்கிறாராம்.

"மாமா, நீங்கதானே சொல்லிக் குடுத்தது? இப்ப என்ட முதுகே என்ட சொல்லுக் கேக்குதில்ல!"